கொஞ்சம் இரு, முடித்துவிடுகிறேன்

அன்புள்ள ஸினா,

பெட்ருவின் வேன் வெள்ளிக்கிழமை இத்தாலிக்குப் புறப்படுகிறது. பெட்டியில் வால்நட்டும் பிளம் ஜாமும் ஆட்டுப்பால் சீஸும் வைத்திருக்கிறேன். சீஸ் முழுவதையும் நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவிக்கே ஊட்டித் தீர்த்துவிடாதே, உனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள். பசு கன்று போட்டுவிட்டது, கிடாரி. ஈஸ்டருக்கு நீ வருவதற்குள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவேன். வருவாய் அல்லவா? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பேசப்போகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். எனக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். முன்பெல்லாம் நீ போவாய், இப்போது நான். ஊர் ஆண்கள் பாதிப் பேர் மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேருக்குக் கூட்டம் என்றாலே முதுகு வலிக்கும். அதனால் அங்கே மீசை வைத்தவன் நான் ஒருவன்தான். வராந்தாவில் ஏறும்போதே உள்ளே சந்தைக்கடை இரைச்சல். பக்கத்து வீட்டு ரைசா கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்ல, எல்லோரும் ஒரே நேரத்தில் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறந்தேன். கப்சிப்! யாராவது செத்துப்போய்விட்டார்களோ என்று பயந்தே போனேன். லிடியா டீச்சர், "அப்பாடா, ஹாரிட்டோன் வந்துட்டார். இனி ஆரம்பிக்கலாம்" என்றாள். இருபது பெண்கள் அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஆரம்பிக்க என் தலை தெரிய வேண்டுமாம். உடனே என்னைத் தலைவராகவும் ஆக்கிவிட்டார்கள். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். இந்த வருஷம் விறகு போதாது. குளிர் முடியும்வரை ஒரே அறையில் கணப்பு மூட்டி எல்லாப் பிள்ளைகளையும் அங்கே உட்கார வைக்க வேண்டும். எந்த அறை என்று முடிவு செய்யவே கூட்டம். ஆற்றுப் பக்கத்துப் பெரிய அறை என்றேன். ஏன் என்று விளக்கினேன். விளக்கம் என்றால் அப்படியொரு விளக்கம், ராணுவத்தில் நாங்கள் கூடாரத்தை எப்படிச் சூடாக்கினோம் என்பதுவரை. கடைசியில் யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எல்லாக் கையும் உயர்ந்தது.

முதல் வாரமே வடக்குக் காற்று வீசியது. புகை மேலே போகாமல் புகைபோக்கி வழியாக அறைக்குள்ளேயே திரும்பிவிட்டது. பிள்ளைகள் இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். நம் மகள் இலிங்கா இரண்டு நாள் சிவந்த கண்ணோடு படுத்துக் கிடந்தாள். பயப்படாதே, இப்போது சரியாகிவிட்டது. ஆனால் வடக்குக் காற்றுக்கு அந்த அறை ஆகாது என்பது ஊரிலுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியுமாம்! வருஷா வருஷம் பள்ளி திறக்கும் முன் அந்தச் சுவர்களின் கரியைத் தேய்த்துச் சுண்ணாம்பு அடிப்பவர்களே அவர்கள்தானே. நீயும் அடித்திருப்பாய்.

எனக்கு வந்ததே கோபம். ரொட்டிக் கடை வாசலில் வரிசையில் நின்றவர்களைப் பிடித்தேன். தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை, வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தீர்கள் என்று கத்தினேன்.

ரைசா நிதானமாக, "ரெண்டு தடவை வாயெடுத்தேனே அண்ணே. 'கொஞ்சம் இரு ரைசா, முடிச்சுடறேன்'னீங்க. நானும் இருந்தேன். நீங்க எங்க முடிச்சீங்க?" என்றாள்.

"அண்ணன் ராணுவக் கூடாரத்துக்குள்ள போயிட்டார். அங்கேருந்து யாரு போய்க் கூட்டிட்டு வர்றது?" என்றாள் தபால்காரி ஃபெவ்ரோனியா. வரிசை முழுக்கச் சிரிப்பு. சரி, மறுப்பு உண்டா என்று கேட்டேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "கிளம்பறதுக்குக் கோட்டு மாட்டிக்கிட்டே கேட்டீங்களேண்ணே. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?" என்றாள் ரைசா.

ஸினா, இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கூச்சம் என்றால், ரொட்டி வரிசையில் என்னை இப்படிக் கிழித்துத் தோரணம் கட்டுவார்களா? விவரம் தெரியாது என்றால், புகைபோக்கி விவரம் எனக்குத்தானே தெரியவில்லை. பயம் என்றால் யாரிடம்? என்னிடமா? கோழி அறுக்கும்போது கண்ணை மூடிக்கொள்பவனிடமா? அடுத்த கூட்டத்துக்கு வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். அறையை மாற்றி, விறகைப் பங்கிட்டு, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். போன வாரம் பெட்ரு உன் பார்சலைக் கொண்டுவந்தான். அங்கே பொலோனியா நகரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊர்ப் பெண்கள் வேன்கள் நிற்கும் பூங்காவில் கூடுவீர்களாமே. "உன் வீட்டுக்காரி பேச ஆரம்பிச்சா நாங்க வேனைப் பூட்டக்கூட மறந்துடறோம்யா. வயிறு வலிக்கச் சிரிப்பு" என்றான். எந்த ஸினா என்று கேட்டேன். என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தான். ஃபோனில் எனக்குக் கிடைப்பதெல்லாம் "ம்", "சரி", "ஆகட்டும்" மட்டும்தான். என் மனைவி அதிர்ந்து பேசத் தெரியாதவள் என்று கல்யாணமான நாள்முதல் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வருகிறேன். எனக்குப் பொறாமையாகவே இருந்தது ஸினா, அந்தப் பூங்காவின் மேல்.

இலிங்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் பாலைக் கறந்துகொண்டே, "ரைசா அத்தைய மட்டுமா நிறுத்துனீங்க? அம்மாவும்தான் வாராவாரம் 'ஈஸ்டரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்'னு ஆரம்பிக்குது. 'கொஞ்சம் இரு, முடிச்சுடறேன்'னு நீங்க சினை மாட்டுக் கதைக்குப் போயிடறீங்க. அதுக்குள்ள ஃபோன் கார்டுல காசு தீர்ந்துடுது" என்றாள்.

எனக்குச் சத்தியமாக நினைவில்லை. நீ சொன்னாயா? எத்தனை வாரமாக? அன்றிலிருந்து தூக்கம் இல்லை. கிழவி உன்னை இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறாளோ? இலிங்காவை அங்கே பள்ளியில் சேர்க்க நினைக்கிறாயோ? இல்லை, இந்த வீட்டுக்குத் திரும்பவே உனக்கு மனம் இல்லையோ? பார்த்தாயா, நீ சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஃபோனிலும் இப்படித்தான் செய்வேன் என்று தெரிந்துதான், என் பேச்சையெல்லாம் இந்தத் தாளில் கொட்டித் தீர்த்துவிட்டேன். இனி என்னிடம் பேச்சு இல்லை.

இது உன் கைக்கு வந்ததும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எதுவாக இருந்தாலும் சொல். வரவில்லை என்றாலும் சொல். இலிங்கா பக்கத்தில் உட்கார்ந்து என் காலை மிதித்துக்கொண்டிருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். கன்றுக்குட்டியைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கடவுளின் தாய் உன்னைக் காக்கட்டும். அன்று இந்தப் பக்கம் சத்தமே இல்லையென்றால், லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே ஸினா. நான் இருப்பேன்.

உன்
ஹாரிட்டோன்