பதினேழாவது குழாய்

ஜூன் 4

அன்பு மருமகளுக்கு,

மாமா சொல்லச் சொல்ல அத்தை எழுதுவது. இங்கு இருவரும் நலம்.

நீ ஆய்வுக்கூடத்தில் எடுத்த என் ரத்தம் என்ன ஆயிற்று? பதினேழாவது குழாய், நீல மூடி. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஓட்டியவன், எண்ணை மறப்பேனா?

அத்தை பழைய பல்லவியை எடுத்துவிட்டாள். கீழ்வீட்டுத் தையற்காரர் காலி செய்கிறாராம், லிஃப்ட் இல்லாத இந்த நாலாவது மாடியை விட்டு அங்கே இறங்குவோமாம். இந்த மாடிக் காற்றை விட்டு வருவேனா? என் முழங்கால் இரும்பு. வேண்டுமானால் அந்த ரத்தத்தையே கேட்டுப் பார்.

மாமா (பெருவிரல் ரேகை)


ஜூன் 15

அன்புள்ள மாமா,

கேட்டேன். அதனால்தான் தலைவலி.

ரத்தத்தில் ஆல்புமின் என்றொரு புரதம் உண்டு. உங்கள் லிஃப்ட் மாதிரி. நான் ஆராயும் நிலவேம்பின் கசப்புச் சத்து அதில் ஏறித்தான் உடம்பைச் சுற்றும். அதைக் குழாய்களில் கலந்தபோது, மற்ற பத்தொன்பது பேர் ரத்தத்தில் ஒழுங்காக ஏறி ஒட்டிக்கொண்டது. உங்கள் குழாயில் மட்டும் பாதி வெளியே நிற்கிறது. யாரோ முன்பே உள்ளே இடம் பிடித்துவிட்டார்கள்.

ரத்தம் எடுத்த அன்று கேட்டதற்கு, பத்து நாளாக எந்த மருந்தும் இல்லை என்றீர்கள். அத்தையும் பக்கத்தில் இருந்தார். அப்படியானால் தவறு என் கையில். ஆறு மாத வேலையைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாதக் கடைசியில் துறைத் தலைவரிடம் சொல்லப் போகிறேன். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள், மாமா.

உங்கள் மருமகள்


ஜூன் 19

மருமகளே,

கொட்டாதே! உள்ளே நின்றது வலி மாத்திரை.

உன் கடிதத்தை அத்தை உரக்க வாசித்தாள். "யாரோ முன்பே" என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"யாருங்க அது உள்ள?"

"எனக்கென்ன தெரியும்?"

"இரும்புன்னீங்களே, துருப்பிடிச்சிருச்சா?"

"டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் மருந்து. இது கடையில சும்மா வாங்குறது."

"ஆமா, கடையில சும்மா வாங்குனா வயித்துக்குள்ள போகாது பாருங்க!"

நான் இறங்க மறுத்த மாடிக்காக உன் ஆறு மாதம் வீணாகலாமா? எழுதிக்கொள். ரத்தம் எடுத்தது மே 12, செவ்வாய். ஞாயிறு காலை ஒன்று, ராத்திரி ஒன்று. திங்கள் இரண்டு. செவ்வாய் விடிந்ததும், படி இறங்குமுன் ஒன்று. அட்டையில் 400 என்று போட்டிருந்தது. எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும்.

ஒன்றுதான் புரியவில்லை. நான் விழுங்கியது ஐந்து. பழைய டார்ச்சுக்குள் ஒளித்த அட்டையில் எட்டு காலி. எலிக்கும் முழங்கால் வலி போலிருக்கிறது.

தையற்காரரிடம் சொல்லியாயிற்று. ஒன்றாம் தேதி கீழே குடி போகிறோம். ஊரையே ஏற்றி இறக்கியவன், கடைசியில் நானும் இறங்குகிறேன்.

மாமா (பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: அவர் கைரேகை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த எலி நான்தான். கீழ்வீடு கேட்டதும் என் முழங்காலுக்காகத்தான். நீ பதிலில் எலியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது, வாசித்துக் காட்டுவது நான்தானே. — அத்தை