பியானோ பாட்டும் அப்பாவின் பென்சிலும்

அன்புள்ள பொடியனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் இடுப்பைத் தவிர. அங்கே நீயும் எங்கள் மருமகளாக வரப்போகிறவளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறீர்களா? போனில் எதைக் கேட்டாலும் ம் என்கிறாய், அதனால்தான் கடிதம்.

கல்யாணம் முடிந்து நீங்கள் கைகோத்துச் சர்ச்சைவிட்டு வெளியே நடக்கும்போது வாசிக்கச் சொல்லி அவள் அனுப்பிய பியானோ பாட்டின் நோட்டுத் தாள்கள் வந்து சேர்ந்தன. எழுதியவர் காதலில் உருகிப்போனவர் போலிருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு. சர்ச்சில் பியானோ கிடையாது, நான் வாசிக்கிற ஆர்கன்தான் என்றதும், சிரமப்படாதீங்கம்மா, ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம் என்றாய் பார், அந்தக் கோபத்தில் அப்பாவின் காபிக்கு உப்பைப் போட்டுவிட்டேன். என் பிள்ளை கல்யாணத்துக்கு ஸ்பீக்கரா? பாட்டை ஆர்கனுக்கு மாற்றி எழுதி நானே வாசிப்பதென்று அன்றே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது வம்பு. பியானோவைச் செல்லமாகத் தொட்டால் செல்லமாகப் பேசும், ஓங்கிக் குத்தினால் கத்தும். ஆர்கனை எப்படித் தொட்டாலும் ஒரே குரல், உன் அப்பா மாதிரி. இடது கை அலையலையாக ஏறி இறங்கும் இடத்தைச் சர்ச்சுக்குப் போய் உள்ளபடியே வாசித்தேன், ராட்டினம் சுத்துற மாதிரி இருக்கு என்றார் அப்பா. அதற்குப் பிறகு அடிச் சுரங்களைக் காலால் மிதிக்கும் கட்டைகளுக்குக் கொடுத்து, அலையில் பாதியை அழித்து, மீதியை மெல்லிய குழல்களுக்குத் தள்ளினேன். நடுவில் ஒரு சுரம் நீளமாக ஒலிக்க வேண்டும். பியானோவில் பெடலை மிதித்தால் போதும், கையை எடுத்தாலும் ஒலிக்கும். ஆர்கனில் அந்தச் சுரத்தின் கட்டையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், எனக்கோ இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் வேலை. அப்பாவின் பென்சிலைக் கட்டைக்கும் மேல் மரத்துக்கும் நடுவே சொருகினேன், பிரமாதம். அந்தச் சந்தோஷத்தில் பென்சிலை மறந்து, ஆர்கனுக்குக் காற்றடிக்கும் மோட்டாரை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. மோட்டார் சுவிட்சைப் போடுவது அப்பா வேலை, போட்டார். உம்ம்ம் என்று ஆரம்பித்தது. நான் வெளியே பாடகர் குழுவை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தேன். என்ன சத்தம் என்று கேட்ட பாஸ்டரிடம், கொஞ்சம் சூடாகட்டும், சரியாயிடும் என்றாராம் உன் அப்பா. சூடாக அது என்ன இஸ்திரிப் பெட்டியா? பாவம் பாஸ்டர், ஜெபத்தை ஆரம்பித்து, போகப்போக அதே சுருதியில் இழுக்கத் தொடங்கிவிட்டார். சபையும் அதே சுருதியில் ஆமென் சொன்னது. நான் ஓடி வந்து பென்சிலை உருவினேன். தொலைந்துபோன பென்சில் கிடைத்ததே என்று மகிழ்ந்த ஒரே ஆத்மா உன் அப்பாதான்.

அன்றோடு பாஸ்டரும் ஸ்பீக்கர் கட்சி. ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கூத்தாடினேன். நேற்று வந்து முதல் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்தார். நீளச் சுரத்துக்கு இப்போது பென்சில் இல்லை, அப்பாவின் ஆள்காட்டி விரல். நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்தினார், ராட்டினம் சுற்றவில்லை, எல்லாம் நன்றாகவே போனது. கடைசிக் கூட்டுச்சுரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பியானோவில் அது தானாகவே கரைந்து மறைந்துவிடும். ஆர்கனில் எதுவும் தானாக மறையாது, நாமேதான் விட வேண்டும். ஒவ்வொரு குழலாக மூடிக்கொண்டே வந்தேன், கடைசியில் ஒன்றே ஒன்று மெல்லியதாக மிச்சம். நீ அவளோடு வாசலைத் தாண்டுவது கண்ணுக்குள் வந்துவிட்டது. விரல் எழவே இல்லை. பாஸ்டர் இருமினார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி இருமினார். அப்பா குனிந்து என் காதில், விடும்மா, பிள்ளை கல்யாணம் பண்ணிக்கட்டும் என்றார்.

விட்டேன். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஸ்பீக்கர் வேண்டாம், நீங்களே வாசிங்க என்றார்.

இருவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கல்யாணக் கோட்டை இப்போதே ஒரு தடவை போட்டுப் பார், உனக்குத் தொப்பை விழுந்திருப்பது போட்டோவில் தெரிகிறது. இன்னொன்று, அன்றைக்கு நீங்கள் காரில் ஏறிய பிறகும் உள்ளே பாட்டு கேட்டுக்கொண்டிருந்தால் திரும்பிப் பார்க்காதே, கிளம்பு. நான் மெதுவாக விட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை இன்னும் பொடியன் என்றே நினைக்கும்
அம்மா