வலது கன்னத்தில் இருந்த பொட்டு

என் வீட்டுக் கடிதங்களை எல்லாம் எனக்கு முன்னரே படித்துவிட்ட என் அன்பான சபாரத்தினம் அண்ணைக்கு,

இதை நான்தான் எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதுவிக்கவில்லை. காலைத் தேநீர் குடித்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். இந்த நான்கு வரிக்கே அரை மணித்தியாலம் போய்விட்டது. எழும்ப மனம் வரவில்லை. அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு இப்படியொரு சந்தோஷம் வரலாமா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அகதிகள் விடுதியில் என் மனைவியின் கடிதங்களை நீங்கள்தான் வாசித்துக் காட்டுவீர்கள். சில இடங்களில் நிறுத்தி இருமுவீர்கள். ஒருநாள் கடிதத்தை மடித்து என் மடியில் போட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "இதுக்கு மேல என்னால ஏலாது தம்பி. உன்ர மனிசி உனக்கு எழுதினதை நான் வாசிக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு. நீயே எழுத்தைப் பழகு." அடுத்த நாள் காலி பால் பெட்டியை வெட்டி, அதன் உள்பக்கத்தில் முதல் எழுத்தை எழுதித் தந்தீர்கள்.

பாதி எழுத்தோடு நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். மீதியை அவளுடைய கடிதங்களிலேயே தேடித் தேடிப் பிடித்தேன். நீங்கள் இருமிய இடங்களையும் வாசித்துவிட்டேன் அண்ணை. குளிருக்கு நெஞ்சில் எண்ணெய் பூசச் சொல்லியிருக்கிறாள். இதற்கா வெட்கப்பட்டீர்கள்? அடுத்த வரிக்கா? அடுத்த வரியை இங்கே எழுதமாட்டேன்.

ஆனால் சந்தோஷத்தைச் சொல்ல மட்டும் இந்தக் கடிதம் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் எங்கள் எல்லாருக்கும் சொல்லி வைத்த ஒன்றை நான் மீறிவிட்டேன்.

"கேட்டால் குடு. கேக்காமல் உன்ர பேர் எழுதின தாளை ஒருத்தன்ர கையிலயும் விட்டிட்டு வராதை" என்பீர்கள். நியாயமான பேச்சுத்தான். எங்கள் பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோருக்குள் போயின. ஒன்றும் வெளியே வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்ல ஆளில்லை. தொலைக்காட்சியில் தமிழர், தமிழர் என்று மட்டும் கேட்கும். எதைச் செய்தால் அந்த விண்ணப்பம் அறுந்துவிடும் என்று தெரியாததால் நாங்கள் எதையுமே செய்யாமல் இருந்தோம். உங்கள் விண்ணப்பத்துக்கு இப்போது கேட்க ஆளில்லை. என்னுடையது இன்னும் உள்ளே கிடக்கிறது. ஊரில் இருக்கிற அக்காவுக்கு, உங்கள் மனைவிக்கு, என் கையாலேயே ஒரு கடிதம் எழுதினேன். என்ன எழுதுவது அண்ணை? சுகம் விசாரித்தேன்.

என் பேத்தி மீராவை உங்களுக்கு நினைவிருக்கும். மகன் சிவம் கப்பலில் வந்து இங்கே இறங்கி, கிர்ஸ்டனைக் கட்டிய செய்தி ஊருக்கு வந்தபோது, "அது எங்கட பிள்ளை இல்லை" என்று பிறக்காத பிள்ளையைச் சொன்னவன் நான். அதை உங்களிடம் விடுதியில் சொன்னபோது நீங்கள் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. பிறகு அவர்கள் எங்களைப் பார்க்க வந்தார்கள். தேன் நிறத் தலைமயிரும் சாம்பல் கண்ணுமாக அவள் வாசலில் நின்றாள். நீங்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னீர்கள்: "உன்ர மூக்கை உனக்கு முன்னமே டென்மார்க்குக்கு அனுப்பிப்போட்டாய் தம்பி." அவள் சிரித்தாள். இவர்கள் நினைப்பதைவிட அவளுக்குத் தமிழ் விளங்கும்.

நீங்கள் போன பிறகு ஸ்கீவ என்ற ஊரில் இருக்கிற மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மீராவோடு பஸ்ஸில் ஏறினால் ஆட்கள் அவளைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், திரும்பவும் அவளைப் பார்ப்பார்கள். ஒரு சொல்லும் சொல்லமாட்டார்கள். அந்தப் பார்வைதான் எனக்கு ஆகவில்லை. பிள்ளைக்குக் கண்ணூறு நாவூறு பட்டுவிடும் என்று பயந்தேன். இந்த ஊர்க்காரர் பகலிலும் மெழுகுதிரி கொளுத்துகிறவர்கள் அல்லவா? கரண்டியைச் சுடர்மேல் பிடித்துக் கரி எடுத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்து, காலையில் பள்ளிக்கு வெளிக்கிடும்போது அவளுடைய இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். கிர்ஸ்டன் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். முதலில் உளுந்து அளவுதான்.

பொங்கலுக்குத் தமிழர் ஒரு மண்டபத்தில் கூடினோம். ஒரு மனுசி மீராவைக் காட்டி, "இது ஆர்ட பிள்ளை? வெள்ளைக்காரிக்கு ஏன் நாவூறுப் பொட்டு?" என்று கேட்டுச் சிரித்தாள். அங்கே நின்ற எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் விளையாட்டில் அவளைச் சேர்க்கவில்லை. "நீ அங்கால போ, டேனிஷ்" என்றது ஒன்று. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஏன் வாய் திறக்கவில்லை? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அதன் பிறகு மீரா சாப்பாட்டைக் குறைத்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். நாவூறுதான் என்று நினைத்தேன். பொட்டை மிளகு அளவாக்கினேன். அடுத்த கிழமை இன்னும் மோசம். கடலை அளவாக்கினேன்.

ஒருநாள் பள்ளியால் வந்து கதவடியில் நின்று சப்பாத்தைக் கழற்றினாள். சப்பாத்து நனைந்து ஊறியிருந்தது. பொட்டு வலது கன்னத்தில் இருந்தது.

"மீரா, உன்ர பொட்டு ஏன் அங்கால போனது?"

அவள் இடது கன்னத்தைத் தடவினாள். பிறகு விளங்கிக்கொண்டாள். "அது நடந்து போட்டுது, அப்பு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரலால் தேய்த்துப் பார்த்தேன். கரி என்றால் இழுபட்டிருக்கும். இது இழுபடவில்லை. பள்ளிப் பேனையின் மை. இடது கன்னத்தில் பனியை வைத்து உரஞ்சிய சிவப்பு அப்படியே இருந்தது. வழியில் நின்ற காரொன்றின் கண்ணாடியைப் பார்த்து அவள் திரும்ப வரைந்திருக்கிறாள், அதில் பக்கம் மாறிவிட்டது.

அடுத்த நாள் பள்ளி விடுகிற நேரத்துக்கு நான் போய், பள்ளிக்குப் பின்பக்கக் குளத்தின் இந்தக் கரையில் மரங்களுக்குள் நின்றேன். சைக்கிள் கொட்டிலில் மூன்று பிள்ளைகள் காத்து நின்றார்கள், இரண்டு பெடியன்களும் ஒரு பெட்டையும். மீரா முன்வாசலால் வரவில்லை. பின்கதவால் வந்து நேரே குளத்துக்கு இறங்கினாள். குளம் உறைந்து கிடந்தது. இரண்டு கரையிலும் ஒவ்வொரு பலகை. அந்த எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மனிதன் பனிக்கட்டி உடைந்து கையைத் தூக்குகிற படம் எனக்கும் விளங்கும். அவளுக்கு எழுத்தும் தெரியும். அதைக் கடந்து போய்க் காலை வைத்தாள்.

கத்த வாய் எடுத்தேன் அண்ணை. கத்தினால் திடுக்கிட்டு நடுவில் நின்றுவிடுவாள். நின்றால்? வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பனிக்கட்டிக்கு அடியில், தூரத்தில் பெரிய கதவொன்று அசைகிறதுபோல ஒரு சத்தம் வந்தது. அவள் நின்று கேட்டாள். பிறகு பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்தாள். இது அவளுக்குப் பழகிய நடை என்று அப்போதுதான் தெரிந்தது. எத்தனை நாள் இப்படி வந்தாள்? நான் வீட்டில் இருந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த நாளெல்லாமா?

நான் நின்ற கரை ஓரத்தில் கட்டி மெல்லிசு. கணுக்கால் வரை தண்ணீருக்குள் போய் ஏறி வந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளிறியது.

"அழாதேங்கோ, அப்பு."

"நான் அழேல்ல. குளிர்."

அன்று பின்னேரம் கிர்ஸ்டன் அவளுக்குச் சுடச்சுடப் பால் கொடுத்து மெல்லக் கேட்டாள். மீரா டேனிஷில் சொன்னாள். சிவம் எனக்குத் தமிழில் சொன்னான், சொல்லும்போது சுவரைப் பார்த்தான். கொட்டிலில் நிற்கிற அந்த மூன்று பேரும் தினம் அவளுடைய கன்னத்தைப் பிடித்துப் பார்ப்பார்களாம். "இண்டைக்கும் பெரிசாகியிருக்கு. உன்ர அப்பான்ர கறுப்பு உள்ளுக்கை இருந்து வெளியில வருது. ஏப்ரலுக்கிடையில முழுக்கக் கறுத்திடுவாய். அப்ப உன்னையும் டமிலரோட திருப்பி அனுப்புவாங்கள்." இதுதான் சொல்வது.

மீரா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "அது உண்மைதானே அப்பு. ஒவ்வொரு கிழமையும் பெரிசாகினது."

பெரிதாக்கிய கை இந்த மேசையில்தான் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்ல? அழிச்சிட்டு அப்படியே வந்திருக்கலாமே."

"பொட்டு இல்லாட்டி நீங்கள் பயப்பிடுவீங்கள்."

கிர்ஸ்டன் அடுத்த நாளே பள்ளிக்குப் போவேன் என்றாள். சிவம் தடுத்தான். அம்மாவைக் கூப்பிடப் போட்ட பேப்பர் உள்ளே கிடக்கிற நேரத்தில் முறைப்பாடு எதுவும் வேண்டாம் என்றான். "இது பொலிஸ் இல்லை, பள்ளிக்கூடம். இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது" என்றாள் அவள். அவன் சொன்னான்: "சட்டம் இருக்கு. பேப்பர்தான் வரேல்ல." பால் ஆறிப்போனது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு அண்ணை. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பு முழுவதும் சும்மா உட்கார்ந்து, தங்களுக்குள் நடக்கிற நல்லது கெட்டதைக் கதைப்பார்கள். முறை வைத்து ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலிருந்தும் கேக் வரும். அந்த வெள்ளிக்கிழமை மீராவின் முறை. தான் கேக்கோடு போய்க் கதைக்கப்போவதாகக் கிர்ஸ்டன் சொன்னாள்.

"நானும் வாறன்" என்றேன்.

"உங்களுக்கென்ன விசரோ அப்பா?" என்றான் சிவம்.

ஓம், விசர்தான். பயத்தில் மறந்துவிடும் என்று இரண்டு நாள் இருந்து ஒரு தாளில் எழுதினேன். என் கன்னத்தில் நானே ஒரு பெரிய பொட்டு வைத்துக்கொண்டு போனேன். இருபது பிள்ளைகள், இருபது சோடி நீலக் கண்கள். நான் ஒரு வரி வாசிக்க, கிர்ஸ்டன் ஒரு வரி டேனிஷில் சொன்னாள். இதுதான் நான் எழுதியது:

"இந்தக் கறுப்பு மீராவுக்கு உள்ளேயிருந்து வரவில்லை. இது உங்கள் மெழுகுதிரிக் கரி. வைத்தவன் நான். பெரிதாக்கியவனும் நான். பயத்தில் செய்தேன். நீங்கள் அவளைக் கொட்டிலில் மறிக்கிறபடியால் அவள் குளத்தின்மேல் நடந்து வீட்டுக்கு வருகிறாள். கட்டி உடைந்தால் அவள் செத்துப்போவாள். அவளை ரோட்டால் வர விடுங்கள்."

கேக் வெட்டியபடி இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒரு பெட்டை, மெழுகுதிரியில் கரி வருமா என்று கேட்டாள். ஆசிரியை கொளுத்திக் கரண்டி பிடித்துக் காட்டினாள். கொட்டிலில் நின்ற பெடியன் ஒருவன் ஏதோ சொன்னான், சிலர் சிரித்தார்கள். கிர்ஸ்டன் அதை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மீரா மட்டும் எழும்பி வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

முடிந்ததும் ஆசிரியை அந்தத் தாளைக் கேட்டாள். வகுப்புச் சுவரில் போடவேண்டுமாம், கீழே என் பெயரை எழுதித் தரவேண்டுமாம். வந்த நாளிலிருந்து இந்த நாட்டுக் கடதாசிகளில் பெருவிரல் வைத்தவன் நான். அன்றைக்குத்தான் முதல்முதல் பெயர் எழுதினேன். அவள் கேட்டபடியால்தான் கொடுத்தேன் அண்ணை. ஆனால் நீங்கள் சொன்ன கேட்டல் இது இல்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது தபால்பெட்டி மூடி அடிபடும் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். அந்தத் தாளை யாராவது வந்து பார்ப்பார்களா? ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போகுமா? விண்ணப்பத்துக்குப் பதில் இன்றைக்கும் வரவில்லை. முன்பும் வரவில்லைதானே என்று மனதுக்குச் சொல்கிறேன். மனது கேட்கிறதில்லை. என்னால்தான் பிந்துகிறது என்றால் ஊரில் இருக்கிற என் மனைவிக்கு நான் என்ன சொல்வேன்? நடந்ததை ஒளிக்காமல் அவளுக்கும் எழுதிவிட்டேன்.

மெழுகுதிரியைப் பற்றிக் கேட்ட பெட்டை சில நாள் மீராவோடு ரோட்டால் வருகிறாள். சில நாள் வருகிறதில்லை. மூன்று பேரும் இன்னும் கொட்டிலில் நிற்கிறார்கள். ஆசிரியை படலை வரை வந்து நிற்கிறாள். நான் தினமும் சப்பாத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். இந்தக் கிழமை காய்ந்திருக்கிறது.

நேற்றுச் சாப்பிடும்போது சிவம் சொன்னான்: "நான் போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாறன் அப்பா. ஒருத்தரும் கோவிக்கமாட்டினம்." மீரா கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். உங்களிடம் கேட்காமல் நான் எப்படிப் பதில் சொல்வது?

இன்று காலை அவளே கரண்டியையும் மெழுகுதிரியையும் கொண்டுவந்து வைத்தாள். தலைமயிரை ஒதுக்கிக் காட்டினாள். "சின்னனா வையுங்கோ. காதுக்குப் பின்னால." உளுந்து அளவில் வைத்தேன். அது அவளுக்காகவா எனக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அவள் போன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கிறபோது சிவத்துக்குச் சொல்லவேண்டிய பதிலும் வந்துவிட்டது. என்ன வந்தாலும், எது வராமல் போனாலும், அந்தத் தாளை நான் திருப்பிக் கேட்கமாட்டேன். என் பெயர் அந்தச் சுவரில் கிடக்கட்டும். பின்னேரம் சிவம் வேலையால் வந்ததும், மீரா இருக்கும்போதே சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. கோபமென்றால் முன்புபோல இரண்டு நாள் கதைக்காமல் இருங்கள்.

பால் பெட்டியில் எழுத்துப் பழகிய
உங்கள் தம்பி
கந்தையா