எந்த மக்கா

ஞாயிறு, இரவு.

தாடை வீங்கிவிட்டது, கஞ்சிகூட இறங்கவில்லை. குத்துச்சண்டையில் முதல் இரண்டு சுற்றிலும் நான்தான் முன்னால் இருந்தேன். மூன்றாவதில், "மக்கா, வயித்துல குத்துடே!" என்று ரிங்குக்கு வெளியிலிருந்து ஒரு குரல். எனக்குப் பயிற்சி தரும் மாஸ்டர்தான் என்று நினைத்து எதிராளியின் வயிற்றுக்குக் குனிந்தேன். முகத்தைக் காத்த இடதுகை தாழ்ந்தது. அந்த நொடியில் அவன் வலதுகை தாடையில் இறங்கியது. பத்து எண்ணி முடித்தும் எழ முடியவில்லை.

கூவியவர் அவனுடைய பயிற்சியாளர். அவரும் எங்கள் பக்கம், இராஜாக்கமங்கலத்துக்காரர்; அங்கேயும் கூப்பிடுகிற ஆளெல்லாம் மக்காதான். எனக்கென்றே போட்ட தூண்டில்.

"நான் வாயே தொறக்கலியே," என்றார் மாஸ்டர்.

இந்த வருடத்தோடு வயது வரம்பும் தாண்டுகிறது. இனி மாநிலப் போட்டி கிடையாது.

இத்தனை வருடமும் என்னை மக்கா என்றே கூப்பிட்ட மாஸ்டர், ஊர் திரும்பிய பஸ் கோட்டாறில் நின்றதும், "பாத்து எறங்கு, ஸ்டீபன்" என்றார்.