மாலா, இனியா இரண்டாம் பாதி கேட்கிறாள்

என் மாலாவுக்கு,

படம் போட்டதும் குறட்டை விடுகிற உன் மாமன் எழுதுகிறேன். நீ போனதிலிருந்து மனசுக்குள்ளேயே உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். தி.நகர் பஸ்ஸில் தொங்கும்போது பேசுவேன், கடையில் யாருக்கோ புடவையை விரித்துப் போடும்போதும் பேசுவேன். இப்போது அது போதவில்லை. எழுதிக் கேட்டாலாவது பதில் சொல்வாயா என்று பார்க்கிறேன். நம் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்களில் யாருக்காவது வழி தெரிந்தால் எனக்குச் சொல்லட்டும்.

உனக்கு விண்வெளிப் படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். லஸ் முனையில் இருந்த கேசட் கடையிலிருந்து உன் அப்பா சனிக்கிழமைதோறும் வாடகைக்கு எடுத்து வருவாராம். அட்டையில் செய்த ராக்கெட், கயிறு தெரிய மிதக்கிற மனிதர்கள், தகர டப்பா போட்ட ரோபோ. நான் சிரித்தால் உனக்கு ஆகாது. "இன்னா மாமா சிரிக்கிற? அப்பல்லாம் கம்ப்யூட்டரா இருந்திச்சி? கையால செஞ்சிகிறான்யா" என்பாய். நீ சொல்லி முடிப்பதற்குள் நான் தூங்கியிருப்பேன்.

இனியா இரண்டாம் வகுப்புக்குப் போனதும், "எங்கப்பா எனக்குக் காட்டினாரு, நான் இவளுக்குக் காட்டப்போறேன்" என்று ஆரம்பித்தாய். அடையாறு பல் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் ரிசப்ஷனில் உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வருமோ. ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்குவாய். உன் தம்பி கொடுத்த பழைய லேப்டாப்பை அரிசி டின் மேல் வைப்பாய். அவர்கள் ஆங்கிலத்தில் பேசப் பேச நீ தமிழில் சொல்வாய். கப்பல் கேப்டன் நம் மந்தைவெளி ஆளாகிவிடுவான். "இன்னாடா பாத்துகினு கீற, கதவ மூட்றா, காத்து பூடப்போவுது!" இனியா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இடைவேளையில் நிறுத்திவிடுவாய். அப்பளம் பொரிப்பாய். மீதிப் படம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். "ஒரு வாரம் அவளே மீதிய யோசிக்கட்டும் மாமா, அதுதான் படம்" என்பாய். ஒரே மூச்சில் காட்டித் தொலைத்திருக்கக் கூடாதா நீ?

கடைசியாக நீங்கள் பார்த்த படம் உனக்கு நினைவிருக்கும். கப்பலில் போகிற ஓர் அம்மாவுக்கு மருந்தில்லாத வியாதி. மருந்து இருக்கிற நட்சத்திரம் தொலைவில் இருக்கிறது. அதுவரை அவளைக் கண்ணாடி மூடி போட்ட குளிர்ப்பெட்டிக்குள் படுக்கவைக்கிறார்கள். அவள் மகன் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். அங்கே இடைவேளை விட்டாய். நான் அரைத்தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த அம்மா செத்துட்டாங்களா?" என்று இனியா கேட்டாள்.

"இல்லடி. குளிர்ல தூங்குறாங்க. மருந்து கெடைச்சதும் எழுப்பிடுவாங்க. கரண்ட் மட்டும் நிக்காம இருக்கணும், அவ்ளோதான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். அதற்கப்புறம் நம் வீட்டில் யாரும் படம் பார்க்கவில்லை.

நீ போன அன்றைக்கு உன் தம்பி குவைத்திலிருந்து வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகும் என்றார்கள். ஐஸ் பெட்டி எடுத்து வந்தோம். உன்னை அதில் வைத்துக் கண்ணாடியை மூடினோம். பெட்டிக்காரர் சுவரில் பிளக்கைச் செருகிவிட்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "இத்த யாரும் புடுங்கிடாதீங்கோ நைனா. கூலிங் எறங்கிச்சின்னா மறுபடி ஏற நேரமாவும்."

இனியா அந்தப் பிளக்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். யார் கூப்பிட்டும் வரவில்லை. வருகிறவர் போகிறவர் கால் ஒயரில் பட்டால் கையால் தள்ளிவிட்டாள். "பாருடா, அம்மாவ வுட்டு நகர மாட்டேங்குது கொழந்த" என்று என் அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். உன்னை எடுக்கிற நேரத்தில் அவளை மாடி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வந்தபோது நீயும் இல்லை, பெட்டியும் இல்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அழவும் இல்லை மாலா. பள்ளிக்கூடம் போனாள், பாடம் எழுதினாள், தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். தெருவே அவளைப் பாராட்டியது. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கடையில் சொல்லிவிட்டு வந்து நான் ஸ்கூலிலிருந்து கூட்டி வரும்போது மட்டும் குளத்துப் பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்பாள். அந்த வழியில் ஜூஸ் கடை இருக்கிறது, அதற்குத்தான் என்று நினைத்தேன். ஜூஸ் வாங்கிக் கொடுத்தால் பாதியில் வைத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேட்பாள். "அப்பா, செகண்ட் ஆஃப் எப்பப் போடுவ?" எனக்கு அந்த லேப்டாப்பைத் திறக்கவே கை வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பராமரிப்பு வேலை, சாயந்திரம் வரை கரண்ட் இருக்காது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். மின்விசிறி நின்றதும் நான் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தேன். இனியா அலறினாள். அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. தேள் கொட்டிவிட்டதோ என்று ஓடினேன்.

"அப்பா, ஓடு! கரண்ட் போச்சு! போய் அவர்கிட்ட சொல்லு!"

"யார்கிட்டடி?"

"பெட்டிக்காரர்கிட்ட! அம்மா அங்கதான கீறாங்க!"

எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் ஓடினாள். செருப்பில்லாமல் அவள் பின்னால் ஓடினேன். குளத்துப் பக்கம் ஜூஸ் கடைக்கு எதிரே அந்தக் கடை. வாசலில் ஐஸ் பெட்டிகள் வரிசையாக நிற்கும், இருபத்து நாலு மணி நேரமும் கிடைக்கும் என்று போர்டு தொங்கும். தினமும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறோம், எனக்கு உறைக்கவில்லை.

பெட்டிக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "இன்னா சார், யாரு?" என்றார், யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து. இனியா ஒவ்வொரு பெட்டியிடமும் போய் எக்கி எக்கிப் பார்த்தாள். எல்லாம் காலி. கழுவித் துடைத்து மூடியைத் திறந்துவைத்திருந்தார்கள்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது மாலா. நீ போனபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

"எழுப்பிட்டாங்களாப்பா?"

நான் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் அவள் என் தோள்மேல் தலையை வைத்துக்கொண்டு, "அப்ப எந்த ஊர்ல கீறாங்க? மருந்து குடுத்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

நீ போனதிலிருந்து நம் வீட்டோடு இருக்கிற அக்காவிடம் சொன்னேன். அவள் பிள்ளையை மடியில் உட்காரவைத்து, "அம்மா நட்சத்திரமாப் போயிட்டாடி கண்ணு" என்றாள். இனியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போய்ச் சேர்ந்துட்டாங்களா? இல்ல, போய்க்கினே கீறாங்களா அத்த?" அக்கா என்னைப் பார்த்தாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. படத்தின் மீதியில் ஏதாவது இருக்கும், அதை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் குடோனில் புடவைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டாம் பாதியைப் பார்த்தேன். தூங்கவில்லை, கண் கொட்டாமல் பார்த்தேன். நீ இருந்து பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாய்.

அந்த அம்மா எழுந்துவிடுகிறாள். நாற்பது வருஷம் கழித்து, படுத்த அதே வயதில், அதே முகத்தோடு எழுகிறாள். எதிரே நரைத்த தலையோடு ஒருவன் நிற்கிறான். அவள் மகன். அவன் அவ்வளவு வருஷமும் காத்திருந்திருக்கிறான்.

எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதை நான் அவளுக்கு எப்படிக் காட்டுவேன்? காட்டினால் அவள் கிழவியாகிறவரை காத்திருப்பாள். அப்படிக் காத்திருக்கக் கூடியவள்தான் அவள், உன் பெண் ஆயிற்றே. ஒன்றைக் கேட்டுவிட்டால் கிடைக்கிறவரை எத்தனை நாள் முரண்டு பிடிப்பாள், உனக்குத் தெரியுமல்லவா? சொல்லாமலே விட்டுவிடலாம், வளர வளரத் தானே புரியும் என்றாள் அக்கா. அதுவரை ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் என் குழந்தை அப்படி அலற வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே ஜன்னலில் போர்வையைக் கட்டினாள். கை எட்டாமல் ஒரு பக்கம் தொங்கியது. லேப்டாப்பை அரிசி டின்மேல் வைத்தாள். நான் அதைத் திறக்கவில்லை. அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"படத்துல அவங்க எழுந்துடுறாங்களாப்பா?"

"எழுந்துடுறாங்க."

"எனக்குத் தெரியும்."

"அது படம் இனியா. நம்ம அம்மா எழுந்துக்க மாட்டா. அம்மா தூங்கல. செத்துட்டா. குவைத் மாமா வர்ற வரைக்கும் வெச்சிருக்கத்தான் அந்தப் பெட்டி."

"மாமா வந்தப்புறம் எங்க வெச்சீங்க?"

புதைத்தோம் என்று பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். புதைத்தால் தோண்டி எடுக்கலாமா என்று கேட்பாள். அவளுக்கு எந்தக் கதவையும் திறந்துவிடக் கூடாது என்று தோன்றியது.

"எரிச்சுட்டோம்டா. செத்தவங்கள எரிச்சிடுவாங்க."

"யாரு?"

இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் நான் இத்தனை நாள் எதையுமே பேசாமல் இருந்தேனோ என்னவோ.

"நான்தான்."

அவள் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தாள். சுவர் வரை நகர்ந்தாள். என் கைகளையே பார்த்தாள். நான் அவற்றை எங்கே வைத்துக்கொள்வது சொல்லு.

"அம்மாவுக்குச் சுட்டிச்சா?"

"இல்லடா. செத்துட்டா சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அம்மாவுக்கு ஒண்ணுமே வலிக்கல."

அப்போதுதான் அழுதாள். இத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். நான் கிட்டே போனேன். "தொடாத! நீ தொடாத!" என்று என் கையைத் தள்ளினாள். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இந்தச் சுவரில் நானும் அந்தச் சுவரில் அவளுமாக அழுதோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அதற்கப்புறம் என் கையால் ஒரு வாய் சோறு வாங்கவில்லை. அக்கா ஊட்டினால் சாப்பிட்டாள். தெருவில் என் விரலைப் பிடிக்காமல் இரண்டடி தள்ளியே நடந்தாள். குளத்துப் பக்கம் போகலாம் என்று கேட்கவில்லை. இரண்டாம் பாதியையும் கேட்கவில்லை. சொன்னது சரியா மாலா? நீயாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாயா? பஸ் படியில் நிற்கும்போது, பேசாமல் உன்னோடேயே வந்திருக்கலாம் என்றெல்லாம் புத்தி போனது. மறைக்கவில்லை, உன்னிடம்தானே சொல்கிறேன்.

நேற்றுக் காலை அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது. இனியா சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் பின்னத் தொடங்கினேன். எனக்கு இன்னும் வகிடு நேராக வராது.

"அப்பா, நீ செத்துட்டா உனக்கு யாரு வைப்பா? நெருப்பு?"

"நீதான்" என்றேன்.

"பொண்ணுங்க சுடுகாட்டுக்கு வரக் கூடாதுன்னு அத்த சொன்னாங்க."

"அத்த கெடக்குறா. எனக்கு நீதான் வைக்கணும். வேற யாரு கீறா?"

அவள் வெகுநேரம் ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள். "எனக்கு பயமா இருக்குப்பா. நான் பெருசாவற வரைக்கும் செத்துடாத."

மாலா, இத்தனை நாள் நான் உன்னிடம் என்னையும் கூட்டிக்கொள் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியும் நான் போடாத பிரஷர் மாத்திரையை நேற்றிலிருந்து போடுகிறேன். பஸ்ஸில் உள்ளே ஏறி நிற்கிறேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், நான் சீக்கிரம் வரமாட்டேன். என்னை எதிர்பார்க்காதே, கோபித்துக்கொள்ளவும் செய்யாதே. எனக்கு நெருப்பு வைக்க நம் பெண்ணுக்குக் கை நடுங்காத வயசு வரட்டும், அப்புறம் வருகிறேன்.

இங்கேயே இருக்கப்போகும் உன் மாமன்,
இனியாவின் அப்பா