கூண்டில் சொன்னதெல்லாம்

2013 மே 14, செவ்வாய்

இன்று பரமட்டாவில், சர்க்யூட் நீதிமன்றத்தில், பிள்ளைகள் யாரோடு இருப்பது என்ற வழக்கு. கணவனுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். மனைவி கையில் மாவுக்கட்டோடு வந்திருந்தாள்.

உள்ளே போகுமுன் அவன் கேட்டான்: "இந்த நீதிபதியை ஆர் போட்டது, அன்ரி? ஆரைப் பிடிச்சால் சரிவரும்?"

"அரசாங்கம் நியமிச்சது. எழுபது வயதுவரைக்கும் பதவியில இருப்பா. ஒருத்தரையும் பிடிக்கேலாது" என்றேன்.

போன மாதம் நீதிமன்றத்தின் பெயர் மாறும்வரை அந்த அம்மாவை மஜிஸ்திரேட் என்றோம், இப்போது நீதிபதி. மனைவியின் கை எப்படி முறிந்தது என்று கூண்டில் ஏறிய அவனிடம் கேட்டார். "படியில விழுந்தவ" என்றான். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னான்: "நான்தான் முறிச்சனான். மற்றக் கையையும் முறிப்பன். இதைச் சொல்லிப்போடாதேங்கோ, அன்ரி."

நம் ஆள்தானே, விழுங்கிவிடுவாள் என்று நினைத்திருக்கிறான். கூண்டில் நிற்பவன் சொல்லும் எதையும் விடாமல், 'நான்' என்றே சொல்வதுதான் என் தொழில். நான்தான் முறித்தேன், மற்றதையும் முறிப்பேன், இதைச் சொல்லிவிடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரலில் அது எவ்வளவு தெளிவாக இருந்தது. மனைவி தலை நிமிரவில்லை.

பிள்ளைகள் தாயோடு இருக்க உத்தரவானது.

வாசலில் அவன் என்னிடம் வந்தான். மரியாதையாகத்தான் கேட்டான்: "உங்கட வீடு டூங்கபி ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலதானே, அன்ரி?"

இதை மட்டும் நான் இன்னும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.