தட்டில் வைத்த பூங்கா

மச்சானுக்கு,

சௌக்கியமா? நூம்பலில் மகன் வீட்டுக்குப் போன பிறகு நீ ஒரு போன்கூடப் போடவில்லை. போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பூங்காவுக்கு ஆன்லைனில் திட்டம் போட்டோமே, அதில் முந்நூறு பேர் இருந்தோம். சரி, பதினாலு பேர். போன தடவை மண்டபத்தில் சார்ட் விரித்துச் செய்ததைப் போனில் எப்படிச் செய்வது என்று, கூட்டத்தை நடத்திய என் தங்கை மகள் மோகனப்பிரியா முழித்தாள். ஆளுக்கொரு தட்டில் பூங்கா செய்யலாம், ரவை ஏரி, பச்சைமிளகாய் மரம், தீப்பெட்டி பெஞ்ச் என்று யோசனை சொன்னவன் நான்தான்.

"தட்டைக் காட்டுங்க" என்றாள். எல்லோரும் தூக்கிக் காட்டினோம். பதினாலு ஏரியும் அவரவர் மடியில் கொட்டியது!

"மாமே, ஏரி ஒடைஞ்சிக்கிச்சு!" என்று பால்கார கோபி கத்தினான்.

இரண்டு டப்பாவின் மேல் போனைப் பாலமாகப் படுக்க வைத்து, கீழே தட்டை வைக்கச் சொன்னதும் நானே. உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாது.

ஒரே குறை, அடுத்தவர் தட்டில் கை வைக்க முடியவில்லை. அன்று மண்டபத்தில் நீ வைத்த பெஞ்சை நான் பிடுங்கி எறிந்தது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? எனக்கு இல்லை.

இந்தத் தடவையும் அதே வேப்பமரத்தடியில் அதே பெஞ்சை வைத்திருந்தாய். யார் திட்டம் பிடித்திருக்கிறது என்று மோகனப்பிரியா கேட்டதும் உனக்காக முதலில் கை தூக்கியவன் நான். அதற்குள் உன் போன் கட் ஆகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் பெஞ்சுதான் ஜெயித்தது. இரண்டு பேர் உட்காரும் நீளம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். பூங்காவில் அதைப் போட்ட அன்றே வந்துவிடு. நீ வரும்வரை நான் உட்கார மாட்டேன். எனக்கு முட்டி வலி வேறு.

இப்படிக்கு,
உன் மச்சான்